சேலத்திலிருந்து இரவிகுளம்: வரையாட்டைப் பார்க்க எப்போது, எப்படிப் போவது?

சூரமங்கலத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மா, மனைவி, ஏழாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், நான் என ஐவர் கொண்ட குடும்பம் எங்களுடையது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு என்று பாடத்தில் படித்ததிலிருந்து மூத்தவள் அதை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுவருகிறாள். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மான்களையும் பறவைகளையும் ஆசையாகப் பார்த்தாள், ஆனால் வீடு திரும்பும் வழியில், "வேலிக்குள் இல்லாமல் மலையில் நிற்கும் விலங்கைப் பார்க்க முடியாதா?" என்று கேட்டுவிட்டாள்.

மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு எளிதில் கண்ணில் படும் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் எனக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்புக் கிடைக்கும். அப்போது போகலாமா? அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. அவரால் நடக்கக்கூடிய இடமா? ஆனைமுடி உச்சிவரை பிள்ளைகளை அழைத்துச் செல்ல அனுமதி உண்டா? சேலத்திலிருந்து எந்த வழி நல்லது? போய் வந்தவர்கள் விவரமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.


ஆத்தூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, முதலில் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும். தொடங்கும் நாளும் திறக்கும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும் என்பதால் கேரள வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்த பிறகே தங்குமிடத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

மூடுவதற்குக் காரணம் அந்த விலங்கின் ஆண்டுச் சுழற்சிதான். வரையாடுகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணை சேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம் என்பதால் பெரும்பாலான குட்டிகள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிறக்கின்றன. வீட்டு வெள்ளாடு போல ஓர் ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகளை அது போடுவதில்லை. பொதுவாக ஒரே ஒரு குட்டிதான். அந்த ஒன்றும் சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் கண்ணில் படாமல், தாயை விட்டுப் பிரியாமல், செங்குத்தான பாறையில் காலூன்றப் பழக வேண்டும். ஆள்நடமாட்டத்தால் மிரண்டு தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமும் ஓடும்படி ஆகிவிட்டால் அந்த ஆண்டின் ஈற்று முழுவதுமே அந்தத் தாய்க்கு வீணாகிவிடும்.

மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம், இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. அது பூங்காவின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் சுற்றுலாவாக வருபவர்கள் அதில் ஏற முடியாது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது இராசமலை என்னும் ஒரு பகுதி மட்டுமே. சொந்த வண்டியை ஐந்தாம் மைல் நுழைவாயிலோடு நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறையின் பேருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேலே ஏற்றிச் செல்லும், அதன் பிறகு தார்ச்சாலையில் நடை. உங்கள் அம்மா முழுத் தொலைவும் நடக்க வேண்டியதில்லை. வரையாடுகள் சாலை ஓரத்துச் சரிவிலேயே மேயும் நாட்கள் உண்டு என்பதால் பேருந்து இறக்கிவிடும் இடத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் காட்சி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.


செவ்வாய்ப்பேட்டை வணிகர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் என் மனத்தாங்கலையும் இங்கே வைக்கிறேன். சென்ற ஆண்டு மூணாறு போகும் ஏற்பாட்டை ஒரு பயண நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். பூங்கா மூடியிருக்கும் செய்தியை அவர்கள் எங்களிடம் சொல்லவே இல்லை. ஐந்தாம் மைலில் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எங்களைப் போலவே ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே ஏமாற்றத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

என் கேள்வி இதுதான். பார்வையாளர்கள் நடப்பது தார்ச்சாலையில். அந்தச் சாலையை விட்டு யாரும் இறங்க முடியாதபடி காவலர்கள் நிற்கிறார்கள். பூங்கா மொத்தம் 97 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். அவ்வளவு பரப்பில் ஆடுகள் எங்கு வேண்டுமானாலும் போய்க் குட்டி போடலாமே? வெயிலும் மழையும் இல்லாத நல்ல பருவத்தில் இரண்டு மாதம் முழுவதுமாக மூடுவதற்குப் பதிலாக, எண்ணிக்கையைக் குறைத்து அனுமதித்தால் என்ன? மூணாற்றுச் சிறு வணிகர்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. வணிகம் செய்பவன் என்பதால் அந்த இரண்டு மாத இழப்பு என்னவென்று எனக்குத் தெரியும்.


ஆத்தூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது, ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

97 சதுர கிலோமீட்டரும் வரையாட்டுக்கு ஒன்றுபோல் பயன்படுவதில்லை. அதற்குப் புல்வெளியும் வேண்டும், ஆபத்து வந்தால் ஒரே பாய்ச்சலில் போய்ச் சேரக்கூடிய பாறை முகடும் பக்கத்திலேயே வேண்டும். இரண்டும் அருகருகே அமைந்த இடங்கள் மலை முழுவதும் கிடைப்பதில்லை. இராசமலையின் பாறைச் சரிவு அப்படிப்பட்ட இடம் என்பதால்தான் அங்கு ஆடுகள் கூடுகின்றன, ஆடுகள் கூடுவதால்தான் மனிதர்களும் அங்கே போகிறோம். வேறிடம் போய் ஈன்றுகொள்ளட்டும் என்று சொல்லும்போது, இருப்பதிலேயே நல்ல இடத்தை நமக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம்.

அந்த மலையின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். இரவிகுளத்துப் பீடபூமி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் வேட்டைக் காடாக இருந்தது. தாங்கள் வேட்டையாடுவதற்காகவே மற்றவர்களின் வேட்டையை அவர்கள் தடுத்தார்கள், மலையை நன்கறிந்த முதுவர் குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும், மற்ற மலைகளில் ஆடுகள் சுட்டுத் தீர்க்கப்பட்ட காலத்தில் அங்கே ஒரு கூட்டம் தப்பியது. பிறகு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேரள அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் அது சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

இதன் பலனை எண்ணிக்கையில் காணலாம். தமிழ்நாடும் கேரளமும் 2025 ஏப்ரலில் ஒரே நாட்களில் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் 2,668 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள்: கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இரவிகுளத்தில் மட்டும் 841. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் காட்டில் இந்த விலங்கு இல்லை என்பதால், உலகத்து வரையாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு பூங்காவில் வாழ்கிறது. மூணாற்று வணிகர்களுக்கு மீதிப் பத்து மாதமும் பிழைப்பு நடப்பது இந்த ஆடுகள் அங்கே இருப்பதால்தான். அவற்றின் ஈற்றுக் காலத்தில் இரண்டு மாதம் பொறுப்பதை இழப்பாக நான் பார்க்கவில்லை. செய்தியைச் சொல்லாமல் உங்களை அழைத்துச் சென்றவர்கள்மீது நீங்கள் கொண்ட கோபம் முற்றிலும் சரி. அந்தப் பணத்தை நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.


வலசை எழுதியது:

சூரமங்கலம் அண்ணா, நான் சேலத்தில் பறவை பார்க்கும் நண்பர்களோடு சுற்றுபவன். என் கருத்து வேறு. இராசமலையில் வரிசையில் நின்று, பேருந்தில் ஏறி, நூற்றுக்கணக்கானவர்களோடு தார்ச்சாலையில் நடந்து, மனிதர்களைக் கண்டு விலகாத ஆடுகளைப் பார்ப்பது காட்டைப் பார்ப்பதாகாது. உங்கள் மகள் கேட்டது வேலிக்குள் இல்லாத விலங்கை. இராசமலையில் வேலி இல்லையே தவிர, சூழல் ஏறக்குறைய உயிரியல் பூங்காவினுடையதுதான்.

அதற்குப் பதிலாக வால்பாறைக்குப் போங்கள். பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனைப் பக்கத்தில் வரையாடுகள் சாலைச் சுவர்மேலும் பாறைமேலும் நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வரிசையோ நேரக் கட்டுப்பாடோ அந்த இடத்தில் இல்லை. மேலே போனால் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்கையும் பார்க்கலாம், அதுவும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். இருவாச்சிப் பறவைகளும் உண்டு. தமிழ்நாட்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள்ளேயே இவ்வளவும் இருக்கும்போது மூணாற்று நெரிசலுக்குள் போக வேண்டுமா?


ஏற்காடு காப்பித்தோட்டம் எழுதியது:

வலசைத் தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணம் நான் ஒவ்வொரு வார இறுதியிலும் எங்கள் மலையில் பார்ப்பது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குரங்குகள் உட்கார்ந்திருக்கும். குரங்குக்கு உணவு தராதீர்கள் என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழேயே வண்டியை நிறுத்திச் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். காட்டில் அத்திப்பழமும் கொழுந்தும் தேடித் தின்ற நாட்டுக் குரங்கு இப்போது சாலையை விட்டு இறங்குவதில்லை. வண்டிச் சக்கரத்தில் குட்டிகள் சிக்குகின்றன. பையைப் பிடுங்கும்போது பிள்ளைகளைக் கடிக்கின்றன. கடைசியில் குரங்குத் தொல்லை என்று மனு கொடுப்பவர்களும் நாமே.

காட்டுமாடு வேறு வகை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு ஊடே அது வந்து மேயும். வேலை செய்யும் பெண்கள் அதைக் கண்டால் பேசாமல் ஒதுங்கி நிற்பார்கள், அதுவும் தன் வழியே போய்விடும். கோடை விழா சமயத்தில் வரும் வெளியூர்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிக் கைப்பேசியோடு அதை நெருங்குகிறார்கள். மிரண்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த நாள் காலையில் அந்த வழியே வேலைக்குப் போகும் எங்கள் மலையின் பழங்குடியான மலையாளிக் குடிப் பெண்ணுக்குத்தான் அந்த மிரட்சியின் விளைவு வந்து சேர்கிறது.

இந்தப் பின்னணியில்தான் ஒன்பதாவது வளைவை நான் நினைத்துப் பார்க்கிறேன். சீட்டும் வரிசையும் நேரக் கட்டுப்பாடும் இல்லை என்று தம்பி எவற்றை நன்மையாகச் சொல்கிறாரோ அவற்றையே நான் குறையாகப் பார்க்கிறேன். விடுமுறை நாளில் அங்கே நின்று கவனியுங்கள். கடலையும் பிஸ்கட்டும் நீட்டுபவர்கள், ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க முயல்பவர்கள், வளைவிலேயே வண்டியை நிறுத்துபவர்கள் என எல்லோரும் இருப்பார்கள். அவர்களைக் கேட்க எந்நேரமும் ஆள் இருப்பதில்லை. இராசமலையில் கேட்க ஆள் இருக்கிறது. உணவுப் பையை வெளியே எடுத்தால் காவலர் வந்து நிற்கிறார். ஆடு மனிதரைக் கண்டு ஓடவில்லை என்றால், மனிதர் தன்னை ஒன்றும் செய்வதில்லை என்று தலைமுறை தலைமுறையாக அதற்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டுப்பாட்டில் கால் பங்கு எங்கள் சேர்வராயன் மலைக்குக் கிடைத்தால் போதும் என்று நான் ஏங்குகிறேன்.

எனவே சூரமங்கலத்துத் தம்பிக்கு என் பரிந்துரை இராசமலைதான். பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும் காட்டு விலங்கை, அதற்கு உரிய மரியாதை கிடைக்கும் இடத்தில் பார்க்கட்டும்.


வலசை எழுதியது:

ஐயா, ஒன்பதாவது வளைவில் நீங்கள் சொல்லும் நடத்தையை நானும் பார்த்திருக்கிறேன். அங்கு நிரந்தரக் காவல் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு இராசமலை ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடு ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி எழுதினேன்.

அந்த மலையின் உண்மையான செல்வம் புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்திருக்கும் அமைப்பு. மேடெல்லாம் புல்; நீர் கசியும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. மரம் இல்லாத நிலத்தைப் பாழ்நிலம் என்று எண்ணிய காலத்தில் நீலகிரியிலும் பழனிமலையிலும் இந்தப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். சீகை விதை பரவிப் புல்லை மூடியது. புல் போன இடத்தில் வரையாடு இல்லை, நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகளும் இல்லை. முக்குருத்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள சிறிய பூங்கா. அது வரையாட்டுக்காகவே காக்கப்படும் இடம், ஆனால் அங்கும் சீகையோடு வனத்துறை போராட வேண்டியிருக்கிறது. 2022 இறுதியில் 25 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு அறிவித்து, 2023 அக்டோபரில் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளிகளை மீட்பதும் ஒரு பகுதியாக இருப்பது இதனால்தான்.

இரவிகுளத்தில் புல்வெளி பெரும்பாலும் தப்பிவிட்டது. உச்சியில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு சிறிய தவளை இருக்கிறது. ஆனைமுடிப் பகுதியில் கண்டறிந்து 2010-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அது இல்லை, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் அது இருக்கிறது. சுற்றுலாவாகப் போகும் நம்மில் ஒருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனைமுடியில் ஏற ஏன் விடுவதில்லை என்று பிள்ளைகள் கேட்டால் இந்தத் தவளையைச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொன்று. இரவிகுளத்தின் கிழக்குப் பக்கத்துப் புல்வெளிகள் பிடித்து வைக்கும் மழைநீர் பாம்பாறு வழியாகச் சின்னாற்றைக் கடந்து அமராவதி அணைக்கு வருகிறது. அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. மேட்டூருக்குக் கீழே நம் காவிரிக்கு வந்து சேரும் நீரில் அந்தப் புல்லின் பங்கும் இருக்கிறது.


செவ்வாய்ப்பேட்டை வணிகர் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் பதிலைப் படித்தேன். இராசமலைதான் ஆடுகளுக்கும் சிறந்த இடம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மூடுவதை இனி எதிர்க்க மாட்டேன், ஆனால் மூடும் தேதியைத் தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் பெரிதாக வெளியிட வேண்டும் என்ற என் கோரிக்கை நிற்கிறது. அங்கே வருபவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள்.

இன்னொரு கேள்வி. பிப்ரவரி, மார்ச் இல்லை என்றால் சூன், சூலையில் போகலாமா? மழைக்காலத்தில் கூட்டம் குறைவு, தங்கும் விடுதிகளின் கட்டணமும் குறைவு. நீலக்குறிஞ்சியும் மழைக்குப் பிறகு பூக்கும் என்கிறார்களே?


ஆத்தூர் ஆசிரியை எழுதியது:

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. 2018-இல் பூவைக் காணத் திட்டமிட்டிருந்த பலர் அந்த ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தால் போக முடியாமல் இருந்தார்கள்.

மழைக்காலத்தில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இராசமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின்மேல் விழுந்ததில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்துவந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். நாம் பேருந்திலிருந்து பார்த்து மகிழும் அந்தப் பச்சைத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார். விடுதிக் கட்டணம் குறைவு என்பதற்காக அந்த மலைச் சாலையில் பெருமழை நாளில் ஏற வேண்டாம், ஐயா.

வறண்ட காலத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மூணாறு வட்டாரத்தில் காட்டுக்குள் நடை அழைத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால், வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஓர் அடி வைக்கக் கூடாது.


ஓமலூர் ஓட்டுநர் எழுதியது:

சேலத்திலிருந்து மூணாற்றுக்கு வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் வழியைச் சொல்கிறேன். சங்ககிரி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் வழியாக உடுமலைப்பேட்டை போய்விடுங்கள். போடி வழியாகவும் மூணாறு ஏறலாம், ஆனால் சேலத்துக்காரர்களுக்கு அது சுற்று. உடுமலையில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். அமராவதி அணை பிரியும் இடத்தைத் தாண்டினால் ஒன்பதாறு சோதனைச் சாவடி. அங்கிருந்து நம் பக்கத்து ஆனைமலைக் காடு, அதன் பிறகு சின்னாற்றில் கேரளச் சாவடி. இந்தக் காட்டுச் சாலை முழுவதும் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அந்த வழியே ஏற நான் யாருக்கும் வண்டி எடுப்பதில்லை. பகலிலும் நடுவில் நிறுத்தக் கூடாது, ஒலிப்பான் அடிக்கக் கூடாது, சாப்பாட்டு இலையை வெளியே எறியக் கூடாது.

சின்னாறு சரணாலயத்தை வெறும் வழியாக நினைக்காதீர்கள். அது மழை மறைவுப் பகுதி என்பதால் மூணாறு குளிரில் நனையும்போதும் சின்னாற்றில் முட்காடும் வெயிலுமாக இருக்கும். நரை அணில் என்னும் பெரிய சாம்பல் நிற மலையணில் அங்கே ஆற்றோர மரங்களில் வாழ்கிறது. வனத்துறை வழிகாட்டியோடு நடக்கும் ஏற்பாடு உண்டு. அடுத்து மறையூர். சந்தனக் காட்டை வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். கற்பலகைகளை அடுக்கி அமைத்த பழங்காலத்து ஈமச் சின்னங்களான முனியறைகளும் அங்கே இருக்கின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சிய சூட்டோடு கிடைக்கும்.

முக்கியமான செய்தி ஒன்று. உடுமலை வழியாக வருபவர்களுக்கு ஐந்தாம் மைல் நுழைவாயில் மூணாறு நகரத்துக்கு முன்பே வந்துவிடும். ஆகவே முதல் நாள் மறையூரில் தங்கி, மறுநாள் அதிகாலையில் ஏறி, வாயில் திறக்கும்போதே போய் நிற்பது நல்லது. மூணாற்றில் தங்கியவர்கள் காலைச் சிற்றுண்டி முடித்து வருவதற்குள் நீங்கள் மேலே போய்விடலாம். நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் நேரில் வரிசையில் நிற்க உங்கள் அம்மாவால் முடியாது.


சூரமங்கலத்தான் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பிப்ரவரிப் பயணத்தைக் கைவிட்டுவிட்டேன். மூத்தவளிடம் காரணத்தைச் சொன்னேன். குட்டி போடும் காலம் என்று கேட்டதும், "அப்படியென்றால் ஏப்ரலில் போனால் குட்டிகளையும் பார்க்கலாமே" என்றாள். பிள்ளைகளின் தேர்வு முடிந்த பின், ஏப்ரல் கடைசி வாரத்தில் வார நாளாகப் பார்த்துப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மறையூரில் ஓர் இரவு, மூணாற்றில் ஓர் இரவு. ஓட்டுநர் அண்ணாவின் யோசனைப்படியே செய்கிறோம்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம். ஏப்ரலில் அங்கே அம்மாவுக்குக் குளிர் தாங்குமா? இரண்டாவது, ஆடுகள் தென்பட்டால் பிள்ளைகள் எதைக் கவனிக்க வேண்டும்? பார்த்தோம், படம் எடுத்தோம் என்று முடிந்துவிடக் கூடாது.


ஆத்தூர் ஆசிரியை எழுதியது:

ஏற்காடு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர், இராசமலை ஏறத்தாழ 2,000 மீட்டர். காலையில் காற்று சில்லென்று இருக்கும், எனவே அம்மாவுக்குச் சால்வையும் காதை மூடும் துணியும் போதும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வருவது வழக்கம் என்பதால் காலையிலேயே பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

பிள்ளைகள் கவனிக்க நிறைய இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்திருக்கும், ஆணின் கொம்பு தடித்து நீளமாக இருக்கும். முதிர்ந்த கிடாவின் உடல் கரும்பழுப்பாகி, முதுகில் வெள்ளி நிறத்தில் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு தோன்றும். அத்தகைய கிடாக்கள் பெரும்பாலும் தனியே திரியும் என்பதால் ஏப்ரலில் சாலை ஓரத்தில் பார்ப்பது அநேகமாகத் தாய்களும் குட்டிகளும் இளம் ஆடுகளும்தான். கூட்டம் படுத்து அசைபோடும்போது ஒரு பெண் ஆடு மட்டும் உயரமான பாறையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குட்டிகள் சரிவில் இறங்கும்போது குளம்புகள் பாறையை எப்படிப் பற்றுகின்றன என்று தொலைநோக்கியில் பார்க்கட்டும். பெயரில் ஆடு என்றாலும், 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி இது வெள்ளாட்டைவிடச் செம்மறியாட்டுக்கே நெருங்கிய உறவு என்பதையும் மூத்தவளுக்குச் சொல்லுங்கள். அக்டோபர் 7 வரையாடு நாள், அன்று பள்ளியில் பேச அவளுக்கு இவை பயன்படும்.


ஓமலூர் ஓட்டுநர் எழுதியது:

தம்பி, ஏப்ரல் கடைசி வாரம் என்றால் மறையூரில் அறை கிடைப்பது எளிது, மூணாற்றில்தான் கடினம். மூணாற்று அறையை முதலில் உறுதி செய்துவிட்டு, அந்த நாளுக்கு ஏற்ப நுழைவுச்சீட்டை எடுங்கள். திரும்பும் நாளில் மூணாற்றிலிருந்து நண்பகலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குள் ஒன்பதாறு சாவடியைத் தாண்டி உடுமலைப் பக்கம் வந்துவிட்டால், அதன் பிறகு சேலம்வரை சமவெளிச் சாலைதான்.